திருத்தம் சாரின் நீலக் கிட்டார்

பெருவிரல் ரேகை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கிட்டாருக்கு அடித்திருந்த நான்காவது கோட்டு பெயின்ட்டின் மேல், சரியாக நட்டநடுவில், ஒரு சுழி கூட விடாமல் பதிந்திருந்தது.

திருத்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ரேகை அங்கேயேதான் இருந்தது.

“யாரு தொட்டது?”

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் கேள்வி கேட்டாகிவிட்டது. மற்றவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தார்.

“நான்தாங்க. ஒட்டுதான்னு பாத்தேன்.”

“ஒட்டுச்சா?”

“ஒட்டுச்சு.”

“ஈரம், தொடாதேன்னு இவ்ளோ பெரிய அட்டையில எழுதி வெச்சிருக்கேனே!”

“எழுதியிருந்ததாலதாங்க தொட்டேன். எழுதலைன்னா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்.”

கல்யாணமாகி முப்பது வருஷமாக இந்த மாதிரி பதில்களைக் கேட்டுப் பழகியவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு உப்புத்தாளை எடுத்தார்.

அவருடைய நிலைமையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். திருத்தம் சார் முப்பத்து நான்கு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போயின. புத்தகத்தில் எழுதியவர் பெயர் இருக்கும், அச்சிட்டவர் பெயர் இருக்கும், அட்டைக்குப் படம் போட்டவர் பெயர்கூட இருக்கும். பக்கத்துக்குப் பத்துத் தப்பைப் பொறுக்கி எடுத்துப் புத்தகத்தை மனுஷன் படிக்கிற மாதிரி ஆக்கியவர் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்த பிரிவு உபசாரக் கூட்டம் வரைக்கும்.

அந்தக் கூட்டத்தில்தான் அச்சகத்து ஃபோர்மேன் மைக்கைப் பிடித்தார்.

“சார் என்கிட்ட கண்டுபிடிச்ச தப்பு லட்சத்தைத் தாண்டும். அவரு கையால ஏதாவது ஒண்ணு செஞ்சு காட்டட்டும். எதுவா இருந்தாலும் சரி. அதுல நான் ஒரே ஒரு தப்பு கண்டுபிடிச்சுட்டேன்னா ஜென்மம் சாபல்யம்!”

எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். திருத்தம் சாரும் சிரித்தார். ஆனால் அந்த வார்த்தை முள் மாதிரி உள்ளே தைத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் செய்ததில் தப்புப் பார்த்தாயே, நீ என்னப்பா செய்தாய் என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒரு குண்டூசி கூட இல்லை. அது உண்மைதான், அதனால்தான் வலித்தது.

கிட்டார் யோசனையைக் கொடுத்தது மனைவிதான். “சின்ன வயசுல கிட்டார் கத்துக்கணும்னு ஆசைப்பட்டேன்னு சொல்வீங்களே, நீங்களே ஒண்ணு செய்யுங்களேன். நாள் பூரா அதுலயே இருக்கலாம்” என்றார். திருத்தம் சார் பிடித்துக்கொண்டார். நாலு மாதம். பலகை அறுத்து, உடம்பு செதுக்கி, கழுத்து பொருத்தி, ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவித் தடவி முடித்தார். மரவேலையில் ஒரு தப்பு கிடையாது. மிச்சம் பெயின்ட் மட்டும்தான்.

நிறம் நீலம். சிவப்பு வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தார். முப்பத்து நான்கு வருஷம் சிவப்பு மையிலேயே குளித்தவர். கிட்டாரின் தலைப்பாகத்தில் சின்னதாக, வெள்ளை எழுத்தில், அவருடைய பெயர் வரும். அவர் பெயர் ஒரு பொருளின் மேல் ஏறப்போவது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மேன் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குள்தான் இந்தப் பெருவிரல்.

கோபத்தில் செய்கிற வேலை எப்படி இருக்கும்? பெயின்ட் முழுசாகக் காய்வதற்குள் உப்புத்தாளைப் போட்டார். தாளில் நீலக்களி அப்பிக்கொண்டது. அழுத்தித் தேய்த்தார். ரேகை போயிற்று, கூடவே ஓரத்தில் இருந்த நான்கு கோட்டும் போய் மரம் பல்லை இளித்தது. அந்த இடத்தில் மட்டும் ஸ்ப்ரே டப்பாவைக் கிட்டத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். பெயின்ட் கண்ணீர் மாதிரி மூன்று கோடாக வழிந்தது. வழிந்ததைத் துணியால் ஒற்றினார். துணியின் நூல் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் மொத்தத்தையும் சுரண்டி மரத்துக்கே வந்து நின்றார்.

“ஃபோர்மேனா? நான்தான். இந்த ஞாயிறு வேணாம். அடுத்த ஞாயிறு வாங்க.”

“ஏன் சார், தப்பு வந்துடுச்சா?”

“தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல. காயணும்.”

“காயட்டும், காயட்டும். எனக்கென்ன அவசரம்” என்று ஃபோர்மேன் சிரித்த சிரிப்பு நாள் முழுக்கத் திருத்தம் சாரின் காதிலேயே இருந்தது.

“வீட்டுல வெச்சா நான் மறுபடியும் தொடத்தான் செய்வேன். என் கை என் பேச்சைக் கேக்காது” என்றார் மனைவி. “மொட்டை மாடியில மோட்டார் ரூம் சும்மாத்தானே கெடக்கு? அங்க வெச்சு அடிங்களேன்.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. எட்டு வீடு உள்ள அந்தக் கட்டடத்தின் உச்சியில், ஒரு ஜன்னலோடு சின்ன அறை. வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, கூரைக் கொக்கியில் கம்பி கட்டி, கிட்டாரைத் தொங்கவிட்டார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்று இடமிருந்து வலமாக ஒரே வீச்சு. மறுபடி ஒரு வீச்சு. பட்டு விரித்த மாதிரி பெயின்ட் உட்கார்ந்தது. திருத்தம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பெயின்ட் வாசனை ஒரு காரணம், சந்தோஷம் இன்னொரு காரணம்.

வெளியே ‘படார்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து ‘படார், படார்’.

ஜன்னல் வழியாகப் புழுதி மேகம் ஒன்று நிதானமாக உள்ளே வந்தது. எட்டிப் பார்த்தால் இரண்டாம் மாடித் தையல்காரம்மா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பெரிய கம்பளத்தைப் போட்டுத் தடியால் சாத்திக்கொண்டிருந்தார்.

“அம்மா! நிறுத்துங்கம்மா!”

“ஐயையோ, சார் உள்ளயா இருக்கீங்க? எனக்குத் தெரியாதே!” தடி அந்தரத்தில் நின்றது. “வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார் இதை உதறுவேன்.”

“அந்த ஒரு தடவை இன்னிக்கா வரணும்?”

“மன்னிச்சுக்கோங்க சார். ரொம்பப் பட்டுடுச்சா?”

ரொம்பத்தான் பட்டிருந்தது. நீலத்தின் மேல் ஒரு வருஷப் புழுதி அப்படியே இறங்கி உட்கார்ந்திருந்தது. ஊதினார். மேலே இருந்த தூசி பறந்தது, அடியில் இருந்தது ஈரத்தில் புதைந்தது. ஒரு தூசியைக் கிடுக்கியால் எடுத்தார். எடுத்த இடத்தில் ஒரு பள்ளம். இருபது பள்ளம் ஆனதும் நிறுத்தினார். மறுபடியும் உப்புத்தாள், மறுபடியும் மரம், மறுபடியும் ஃபோர்மேனுக்கு ஒரு போன்.

படியில் இறங்கி வரும்போது கீழ்வீட்டுப் பல் டாக்டர் எதிரே வந்தார்.

“கேள்விப்பட்டேன் சார், மனசே சரியில்ல” என்றார். “தூசிக்கு ஒரே வழிதான். தரையை நனைச்சுடுங்க. நாலு பக்கெட் தண்ணி ஊத்துங்க, சுவர்லயும் அடிங்க. ஒரு துளி தூசி எழும்பாது.”

“நெசமாவா டாக்டர்?”

“எங்க கிளினிக்ல தினம் தரையை நனைச்சுத்தானே துடைக்கிறோம்? தூசி பாத்திருக்கீங்களா?”

படித்தவர் சொல்கிறார். திருத்தம் சார் நாலு பக்கெட்டுக்குப் பதில் ஆறு பக்கெட் ஊற்றினார். ஜன்னலையும் அடைத்தார். அன்றைக்கு வெளியே மழை வேறு. அறை முழுக்கப் புழுக்கம், கண்ணாடியில் ஆவி. நீலம் அடித்து, காயவிட்டு, அதன் மேல் பளபளப்புக்காக லாக்கர் என்கிற நிறமில்லாத மேல்பூச்சை அடித்தார். தூசி ஒன்றுகூட இல்லை. டாக்டர் வாழ்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் கிட்டார் வெளுக்க ஆரம்பித்தது. கால்மணி நேரத்தில் நீலம் போய், பால் கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

பெயின்ட் கடைக்காரரிடம் ஓடினார்.

“ஈரத்துல லாக்கர் அடிச்சா வெள்ளையாப் பூக்கத்தான் செய்யும் சார். எவ்ளோ காய்ஞ்ச எடமோ அவ்ளோ நல்லது. தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?”

“டாக்டர்.”

“எந்த டாக்டர்?”

“பல் டாக்டர்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்னும் இரண்டு நீல டப்பாவும் ஒரு கட்டு உப்புத்தாளும் எடுத்து வைத்தார்.

இந்தத் தடவை மரம் வரை போகவில்லை, வெளுப்பை மட்டும் தேய்த்து எடுத்தார். தரை காய இரண்டு நாள் விட்டார். வெயில் பார்த்து அடித்தார். தாழ்ப்பாள் போட்டு, ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து கதவைத் திறந்தால், பெஞ்சின் மேல் படுக்க வைத்திருந்த கிட்டாரின் அடியிலிருந்து கழுத்து வரைக்கும் வரிசையாகப் பூனைப் பாதம். கழுத்திலிருந்து திரும்பவும் அடிவரைக்கும் இன்னொரு வரிசை.

“போனதோட விடலியே! திரும்பியும் வந்திருக்கே!” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் பூனை ஒன்றுதான், மூன்றாம் மாடி டீச்சரம்மா வீட்டில். போய்ப் பார்த்தால் அது நாலு காலும் நீலமாக, சோபாவில் படுத்துக்கொண்டிருந்தது.

“இதுவா? இது மாடிப்பக்கமே போகாது சார்” என்றார் டீச்சரம்மா. “பால் ஊத்தினாக்கூட நாலு தடவை கூப்பிடணும்.”

“காலைப் பாருங்கம்மா.”

டீச்சரம்மா குனிந்து பார்த்தார். “ஆமா சார். நீலமாத்தான் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

தாழ்ப்பாளைத் தான்தான் சரியாகப் போடவில்லையோ என்று திருத்தம் சாருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயசாகிறது. யாரைச் சொல்லி என்ன? மூன்றாவது தடவையாக ஃபோர்மேனுக்குப் போன் போட்டார்.

“பரவால்ல சார். முடியலைன்னா விட்டுடுங்க, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்றார் ஃபோர்மேன். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த மனுஷன் நிஜமான பரிவோடு சொன்னார். திருத்தம் சாருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஒரு விஷயம்தான் ஆறுதல். கட்டடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கமாகிவிட்டார்கள்.

“இந்தத் தையல்காரம்மாவைப் பாரேன், பாக்கும்போதெல்லாம் எந்தக் கோட்டுல இருக்கீங்கன்னு விசாரிக்குது. டாக்டர், அவசரப்படாதீங்க சார், கலைன்னா சும்மாவாங்கறாரு” என்று மனைவியிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். “மொதல்லல்லாம் நான் லிஃப்ட்ல ஏறினா இவங்க படியில எறங்குவாங்க.”

“ஏதாவது அவசர வேலையா இருந்திருக்கும்” என்றார் மனைவி.

அவர்களுக்கு அவர் எவ்வளவோ உதவி செய்தவர்தான். ஓய்வு பெற்ற புதிதில், சிவப்புப் பேனா சட்டைப்பையில் சும்மா கிடக்கிறதே என்று கட்டடத்தையே கையில் எடுத்துக்கொண்டார். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதம் காய்வதற்குள் அதில் பத்துச் சுழி போட்டார். டீச்சரம்மாவின் கேள்வித்தாளைத் திருத்தியதில் கேள்விகளே மாறிப்போயின. பல் டாக்டரின் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்தை அவரே ஏணி போட்டு ஏறிச் சரி செய்தார். வாட்ச்மேனின் ரிஜிஸ்டரைத் தினமும் வாங்கி, பிழைக்குப் பத்துத் தடவை எழுதிவரச் சொன்னார். தையல்காரம்மாவின் அளவு நோட்டில் எழுத்தைத் திருத்துகிறபோது இரண்டு எண்ணும் சந்தேகமாகப் பட, கையோடு மாற்றினார். அந்த வாடிக்கையாளர் இன்றுவரை திரும்பி வரவில்லை. டாக்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஏழு தப்பு என்று கண்டுபிடித்து, திருத்திய பிரதியை மாப்பிள்ளை வீட்டுக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். எல்லாம் நல்லதுக்குத்தான். கிட்டார் வந்த பிறகு அதற்கெல்லாம் நேரமில்லாமல் போய்விட்டது.

இப்போது அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி யாரையும் நம்புவதில்லை, தன்னையும் சேர்த்து. மோட்டார் ரூமுக்குப் புதுப்பூட்டு வாங்கினார். ஒரே சாவி, அது கயிற்றில் கழுத்தோடு. ஜன்னலுக்குக் கொசுவலை, அதன் மேல் இன்னொரு கொசுவலை. உள்ளேயே ஒரு நாற்காலி. காலையில் போனால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டைக் கொண்டுவரும் மனைவி வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

“ஒரு பார்வை பாத்துட்டுப் போறேங்க.”

“கையைக் கட்டிக்கிட்டுப் பாரு.”

ஒன்பது நாள் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். ஒரு கோட்டு, ஒரு நாள் காயவிடுதல், மென்மையான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒரு தேய்ப்பு, மறுபடி ஒரு கோட்டு. வெள்ளை எழுத்தில் பெயரை எழுதினார். அதன் மேல் லாக்கர். பத்தாம் நாள், சனிக்கிழமை காலை, ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், தலைகீழாக, பக்கவாட்டில், பூதக்கண்ணாடி வைத்து. அச்சகத்தில் எந்தப் பக்கத்தையும் அவர் இப்படிப் பார்த்ததில்லை.

தப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை. நீலத்துக்குள் அவருடைய முகம் தெரிந்தது, நரைத்த புருவத்தில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக. திருத்தம் சார் அந்த முகத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். யாரும் பார்க்கவில்லை என்பதால் நன்றாகவே அழுதார்.

கீழே கொண்டுவந்து கூடத்து நடுவில், ஒரு ஸ்டாண்டில் நிறுத்தினார். சேதி பரவி எல்லோரும் வந்துவிட்டார்கள். தையல்காரம்மா, டீச்சரம்மா, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் டாக்டர், வாசலில் வாட்ச்மேன். கிட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். திருத்தம் சார் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவ்ளோதானா சார்?” என்று தையல்காரம்மா மெதுவாகக் கேட்டார். “இன்னொரு கோட்டு அடிச்சா இன்னும் நல்லா இருக்குமோ?”

“இதுக்கு மேல ஒரு துளி தேவையில்ல. முடிஞ்சுது. மேல்பூச்சு இறுக இன்னும் ஒரு நாள் ஆகும், அதுவரைக்கும் யாரும் கிட்ட போகாதீங்க. நாளைக்கு ஃபோர்மேன் வராரு. வந்து தேடட்டும், தப்பை!”

மனைவி காபி டம்ளரைக் கையில் கொடுத்தார். “அப்ப, இது முடிஞ்சாச்சுன்னா அடுத்து என்னங்க செய்யப் போறீங்க?”

“அடுத்தா?” திருத்தம் சார் ஒரு வாய் குடித்தார். “இந்தக் கட்டையைக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் கோட்டை விட்டுட்டேன். காலையில நோட்டீஸ் போர்டைப் பாத்தேன், கண்ணு கூசுது. வாட்ச்மேன் ரிஜிஸ்டர் அஞ்சு மாசத்துக்கு மேலா பாக்கல. டாக்டர் புதுசா ஒரு போர்டு மாட்டியிருக்காரு, அதுல மூணு எடம். டீச்சரம்மா, உங்க பரீட்சைத் தாளை எல்லாம் எடுத்து வையுங்க. திங்கக்கிழமையில இருந்து வீடு வீடா நானே வரேன். யாரும் சங்கடப்படாதீங்க.”

டாக்டர், திருத்தம் சாரின் மனைவியைப் பார்த்தார். டீச்சரம்மா தையல்காரம்மாவைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராகக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்கள். நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று திருத்தம் சார் நினைத்துக்கொண்டார்.

“நான் போய் கிட்டாருக்குக் கம்பி வாங்கிட்டு வந்துடறேன். நீ தொட்டுடாதே.”

“சத்தியமா நான் தொட மாட்டேங்க” என்றார் மனைவி.

தெருவைத் தாண்டிப் பாதி தூரம் போன பிறகுதான் படிக்கிற கண்ணாடியை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. கண்ணாடி இல்லாமல் கம்பிப் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? முன்வாசல் வரை சுற்றுவானேன் என்று பின்பக்கச் சந்து வழியாக வந்து, பின்படியில் ஏறினார். மனசு லேசாக இருந்ததால் காலும் லேசாக இருந்தது. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டலாம் என்று கையைத் தூக்கினார். அப்போது கூடத்துப் பக்கம், முன்வாசலில் நின்று வாட்ச்மேன் திருத்தம் சாரின் மனைவியிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

“சார் தெருவைத் தாண்டிட்டாரும்மா. கிட்டாரைக் கெடுக்க இந்தத் தடவை எந்த வீட்டு முறை?”